உள்ளே போய் வந்தவனின் ஜெபம்

அன்புள்ள ஐயா,

சிறைக்குள் மதம் மாறிய அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் தம்பி ஞாபகம்தான் வந்தது. 19 வயதில் ஒரு அடிதடி வழக்கில் உள்ளே போனான். எதிராளிப் பையனுக்கு ஒரு கை சரியாக விளங்காமலே போய்விட்டது. மாதம் தவறாமல் மனு போட்டுப் பார்க்கப் போவேன். இரண்டாம் வருடம் ஒருநாள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, “அக்கா, நான் பைபிள் படிக்கிறேன்” என்றான். இப்போது தண்டனை முடிந்து வீட்டில் இருக்கிறான். விடியற்காலையில் எழுந்து முழங்கால் போட்டு ஜெபம் செய்கிறான். குடி, பீடி எதுவும் கிடையாது. நாங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். அம்மா அழுகிறார். அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. “உள்ளே போறவனெல்லாம் சாமியாராத்தானே வர்றான்” என்று ஊரில் சிரிக்கிறார்கள். அடிபட்ட பையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வேறு சொல்கிறான். இது நிஜமா, நடிப்பா? எத்தனை நாளைக்கு நிற்கும்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நிஜமா நடிப்பா என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நான் பார்ப்பது வேறு. அந்த நம்பிக்கை அவனை என்ன செய்யச் சொல்கிறது? அவனுக்கு எளிதானதையா, கடினமானதையா?

மால்கமின் கதையிலேயே இதற்கு விஷயம் இருக்கிறது. 1946இல் பாஸ்டனில் வீடு புகுந்து திருடிய வழக்கில் எட்டு முதல் பத்து ஆண்டு தண்டனை விழுந்தபோது அவருக்கு 20 வயது. சவரம் செய்யக்கூட அப்போது ஆரம்பித்திருக்கவில்லை என்று பின்னாளில் சொன்னார். முதலில் அடைத்த சார்ல்ஸ்டவுன் சிறை 1805இல் கட்டியது. அறையில் தண்ணீர் வராது. மூலையில் ஒரு வாளி, அதுதான் கழிப்பறை. கடவுளையும் பைபிளையும் அவர் ஏசிய ஏச்சைக் கேட்டுக் கைதிகள் அவருக்கு ‘சாத்தான்’ என்று பெயர் வைத்தார்கள்.

அவரை மாற்றியது கூடப் பிறந்தவர்கள். அண்ணன் ஃபில்பர்ட் முதலில் தான் சேர்ந்திருந்த இஸ்லாமிய இயக்கத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார், மால்கம் பதிலுக்குத் திட்டி எழுதினார். பிறகு தம்பி ரெஜினால்டு எழுதினார்: பன்றிக்கறி தின்னாதே, சிகரெட் பிடிக்காதே, சிறையிலிருந்து வெளியே வரும் வழியைக் காட்டுகிறேன். சிறை அதிகாரிகளை ஏய்க்க ஏதோ தந்திரம் வைத்திருக்கிறான் போல என்றுதான் மால்கம் நினைத்தார். அந்த எண்ணத்தோடுதான் சாப்பாட்டு மேசையில் கறித்தட்டை வாங்கி, தான் எடுக்காமல் அடுத்தவருக்குத் தள்ளினார். சாத்தான் பன்றிக்கறி தின்னவில்லையாம் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் சிறை முழுக்கப் பரவியது. அவருக்கே அதில் இனம் தெரியாத ஒரு பெருமிதம். நீங்கள் நடிப்பு என்று பயப்படுகிறீர்களே, அவருடைய தொடக்கம் அதைவிட மோசம்.

அதற்குப் பிறகு வந்தது முழங்கால் போடுவது. அதுவரை திருடப் போன வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது தவிர வேறு எதற்கும் அவர் முழங்கால் மடங்கியதில்லை. குனியப் போவார், வெட்கம் பிடுங்கித் தின்னும், எழுந்துவிடுவார். ஒரு வாரம் ஆயிற்று. வாழ்க்கையில் தான் சந்தித்த சோதனைகளிலேயே கடுமையானது இதுதான் என்றார். துப்பாக்கி வைத்துப் பிழைத்தவர் சொன்னது இது. உங்கள் தம்பி விடியற்காலையில் முழங்கால் போடுவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. அதுவும் முகம் கொடுக்காத அப்பா இருக்கும் வீட்டில்!

எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மால்கமுக்கு அது அதே வடிவில் நிற்கவில்லை. அவர் சேர்ந்த அந்தக் கறுப்பின இயக்கம், ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’, வெள்ளையரெல்லாம் பிசாசுகள் என்று போதித்தது. பல ஆண்டுகள் அதையே மேடையில் முழங்கியவர், 1964இல் அங்கிருந்து விலகி மெக்காவுக்கு ஹஜ் போனார். எல்லா நிறத்தவரோடும் ஒரே தட்டில் உண்டு, அந்தப் போதனையைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 21 அன்று, 39 வயதில், நியூயார்க்கில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நம்பிக்கை உருமாறியது. ஆனால் பழைய திருட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. உங்கள் தம்பியும் நாளை வேறு எங்காவது போய் நிற்கலாம். அதை வீழ்ச்சி என்று நினைக்க வேண்டியதில்லை.

இந்தக் கதையில் என்னை எப்போதும் வாட்டுவது ரெஜினால்டுதான். வழிகாட்டிய அந்தத் தம்பியைப் பின்னால் இயக்கம் தள்ளி வைத்தது. சிறையில் இருந்த மால்கம் இயக்கத் தலைவருக்குத் தம்பிக்காகப் பரிந்து எழுதியும் பார்த்தார். கடைசியில் தலைவர் பக்கமே நின்றார், தம்பியை ஒதுக்கினார். ரெஜினால்டுக்குப் புத்தி பேதலித்து மனநல விடுதியில் சேர்க்கும்படி ஆயிற்று. அது கடவுளின் தண்டனை என்று மால்கம் அப்போது நம்பினார். பின்னாளில்தான், சொந்தக் குடும்பமே முழுக்கக் கைவிட்ட வேதனை அது என்று அவருக்குப் புரிந்தது. அப்பாவிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதைத்தான். சாமி விஷயத்தில் அவரவர் வழி அவரவருக்கு இருக்கட்டும். கிடா விருந்தில் உங்கள் தம்பி சாப்பிடவில்லையா, வற்புறுத்தாதீர்கள், ஆனால் அவன் இலையை எடுத்துவிடாதீர்கள். இது தம்பிக்கும் பொருந்தும். ஜெபக்கூட்டத்துக்கு வரவில்லை என்பதற்காக அம்மாவை அவன் பாவி என்று சொன்னால், அக்காவாக அவனை அதட்டுங்கள்.

மன்னிப்புக் கேட்பது பற்றி. அவனாகத் திடுதிப்பென்று அந்த வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. அவர்களுக்கு அது அடிபட்ட நாளை மறுபடி கொண்டுவரும். வழக்கில் மேல்முறையீடு ஏதும் பாக்கி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவர்கள் மதிக்கிற ஒரு பெரியவர் வழியாகச் சேதி சொல்லி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். வரச் சொன்னால், தன் மனமாற்றத்தைப் பற்றி அவன் அங்கே பேசக் கூடாது. அந்தப் பையன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு இருக்கட்டும், திட்டினாலும். கை விளங்காமல் போனதால் அவன் எந்த வேலையை இழந்தான், சிகிச்சை இன்னும் நடக்கிறதா என்பதை நீங்கள் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். வேலை கிடைத்ததும் சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் அதற்குக் கொடுக்கத் தம்பி தயாரா என்று இப்போதே கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.