ரீமேக் கேம்களும் இருண்ட இசையும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: ரீமேக் என்ற பேரைக் கேட்டாலே எரிச்சலாக வருகிறது. எல்லாமே காசு பார்க்கும் வேலைதானா? உருப்படியாக ஒன்றாவது வந்திருக்கிறதா?

நிறையவே வந்திருக்கின்றன. 'ரெசிடென்ட் ஈவில் 2' ஒன்றே போதும். 1998-ல் வந்த ஒரிஜினலில் கேமரா ஏதாவது ஒரு மூலையில் அசையாமல் நிற்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது; பயமே அதில்தான் இருந்தது. 2019 ரீமேக்கில் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. திருப்பம் இப்போது நம் கண் எதிரே. அப்படியும் பயம் குறையவில்லை. காரணம், காலடிச் சத்தம். மிஸ்டர் எக்ஸ் என்ற அந்த நெட்டையன் போலீஸ் நிலையத்துக்குள் நடமாடத் தொடங்கிவிட்டால், மேல்மாடியில் நடக்கிறானா, பக்கத்து வராந்தாவில் வருகிறானா என்று காதை வைத்தே கணக்குப் போட வேண்டும். கையில் சாவி கிடைத்திருக்கும், புதிரில் இன்னும் ஒரே ஒரு படி பாக்கி இருக்கும், அந்த நேரம் பார்த்து 'தொம் தொம்' என்று நெருங்கும். கண்ணுக்கு இருந்த பயத்தைக் காதுக்கு மாற்றிவிட்டார்கள். நல்ல ரீமேக் என்றால் எனக்கு அதுதான். எதை இழக்கிறோம் என்று தெரிந்து, அதற்கு ஈடாக இன்னொன்றைக் கொடுப்பது.

கேள்வி: ஒரு ரீமேக் வந்ததும் முதலில் எதைக் கவனிப்பீர்கள்? கிராஃபிக்ஸா, கன்ட்ரோலா?

இரண்டும் இல்லை. ஒரிஜினலில் எங்கெல்லாம் இசை இல்லாமல் இருந்ததோ, அங்கே இப்போதும் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' 2005-ல் வந்தது. குதிரையில் ஏறி அந்தப் பெரும் வெளியைக் கடக்கும்போது குளம்படியும் காற்றும் மட்டும்தான் கேட்கும். பதினாறு ராட்சதர்களில் ஒருவன் எதிரே வந்த பிறகுதான் கோ ஓட்டானியின் இசை எழும். அவனைக் கொன்றதும் வெற்றி முழக்கம் கிடையாது, துக்கம் கொட்டும். ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றுவிடுவான். 2018-ல் புளூபாயின்ட் என்ற ஸ்டுடியோ இதை மறுபடி செய்தபோது புல்லையும் பாறையையும் ராட்சதர்களின் ரோமத்தையும் புதிதாக வரைந்தது. அந்த வெற்றுப் பயணத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அதற்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கேள்வி: அதே புளூபாயின்ட் 2020-ல் செய்த 'டீமன்ஸ் சோல்ஸ்' பற்றி? எனக்கு அந்த இசை பிரமாதமாக இருந்தது, அண்ணா.

பிரமாதமாகத்தான் இருக்கிறது தம்பி, எனக்குள்ள மனத்தாங்கலே அதுதான். 2009 ஒரிஜினலில் ஷுன்சுகே கிடாவின் இசை கொஞ்சம் கோணலாக, வறண்டு, எந்தக் காலத்தில் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே புரியாதபடி இருக்கும். ரீமேக்கில் முழு ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் என்று பெரிதாக்கினார்கள். இப்போது ஒவ்வொரு பாஸ் ஃபைட்டும், அதாவது பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையும், காவியம் மாதிரி ஒலிக்கிறது. ஆனால் கதை நடப்பது அழிந்துகொண்டிருக்கும் நாட்டில். அங்கே காவியம் பாட ஆள் ஏது? உங்களுக்குப் பிடித்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பழைய சவுண்ட்டிராக்கை ஒருமுறை தனியாகக் கேட்டுப் பாருங்கள், போதும்.

கேள்வி: 'சைலன்ட் ஹில் 2' விஷயத்தில் நண்பர்கள் வட்டமே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ரீமேக்கா, ஒரிஜினலா?

என் ஓட்டு ஒரிஜினலுக்கு. ஆனால் மயிரிழை வித்தியாசத்தில்.

செத்துப்போன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக நம்பி ஜேம்ஸ் அந்த ஊருக்கு வருகிறான். காரை விட்டு இறங்கி, பனி மூடிய காட்டுப் பாதையில் இறங்கி நடக்கிறான். நடந்துகொண்டே இருக்கிறான். எதுவும் பாய்ந்து வராது. 2001-ல் ஒரிஜினலைச் செய்த டீம் சைலன்ட் குழு அந்தப் பாதையை அவ்வளவு நீளமாக விட்டதால், பாதி தூரத்திலேயே திரும்பிப் போகும் எண்ணம் நமக்கு அற்றுப்போகிறது. போலந்தின் புளூபர் டீம் 2024-ல் செய்த ரீமேக்கிலும் பாதை இருக்கிறது. அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் இலையையும் ஒளியையும் வேடிக்கை பார்க்கத் தோன்றுகிறது, மனசு இறுகுவதில்லை.

ரீமேக் ஜெயிக்கும் இடமும் உண்டு. அதில் மேனிக்வின்கள் என்ற பொம்மை உருவப் பிசாசுகள் இருட்டு மூலையில் அசையாமல் நின்று காத்திருக்கும். பிசாசு பக்கத்தில் இருந்தால் ஜேம்ஸின் ரேடியோ கரகரக்கும் இல்லையா, அது கரகரக்கும், ஆனால் அறையில் ஒன்றும் தெரியாது. டார்ச்சை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். அந்த சில விநாடிகளுக்கு ஒரிஜினலிலேயே ஈடு கிடையாது என்பேன். ஒரிஜினலின் இசையமைப்பாளர் அகிரா யமாவோகாவே திரும்பி வந்து தன் மெட்டுகளைத் திருத்தித் தந்ததும் பெரிய பலம். மற்றபடி சண்டைகள் அதிகம், சிறைச்சாலைப் பகுதி இழுவை.

கேள்வி: பழைய கேம்களின் படத்தை மட்டும் துல்லியமாக்கி எச்.டி. ஆக்கினால் போதாதா? எதற்கு அடியிலிருந்து கட்ட வேண்டும்?

அதிலும் ஆபத்து இருக்கிறது. முதல் 'சைலன்ட் ஹில்' 1999-ல் வந்தபோது, தூரத்துக் காட்சியை வரைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பு இல்லை. அதை மறைக்கத்தான் மூடுபனி. அந்தக் குறையே பிறகு தொடரின் உயிராகிவிட்டது. 2012-ல் 'சைலன்ட் ஹில் எச்.டி. கலெக்‌ஷன்' செய்தவர்களுக்கு கேமின் முடிவான சோர்ஸ் கோடு (மூல நிரல்) கிடைக்கவில்லை, முழுமையடையாத பதிப்பை வைத்துத்தான் வேலை செய்தார்கள். இரண்டாம் பாகத்தில் பனி கலைந்து, மறைக்க வேண்டியதெல்லாம் வெளியே தெரிந்தது. 2021-ல் 'ஜி.டி.ஏ.' (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) தொடரின் மூன்று பாகங்களை மெருகேற்றி விட்டபோதும் இதே கதை. அவற்றில் ஒன்றான 'சான் ஆண்ட்ரியாஸ்' முதலில் வந்தபோது தூரத்தை மங்கலாக்கியதால் ஒரு மாநிலமே விரிந்து கிடப்பதுபோல் இருந்தது. மங்கலை எடுத்ததும் எல்லா ஊரும் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. உரிமம் இல்லாமல் சில பாடல்களும் கேமுக்குள் ஓடும் ரேடியோவிலிருந்து போய்விட்டன.

கேள்வி: இருண்ட இசைக்கென்று தனி சுரங்கள் உண்டா?

சுரம் மட்டும் இருட்டாக இருக்காது. பிளாக் சாபத் என்ற ராக் குழு 1970-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, தூரத்தில் மணி, பிறகு மூன்றே சுரத்தில் ஒரு கிட்டார் ரிஃப், திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு. நம் கணக்கில் சொன்னால் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். மெட்டல் இசையே அங்கிருந்துதான் தொடங்கியது என்பவர்கள் உண்டு. ஆனால் அதே பிரதி மத்தியமம் கல்யாணியிலும் இருக்கிறது. கல்யாணி கேட்டு யாருக்கும் குலை நடுங்குவதில்லை. அங்கே அது பஞ்சமத்துக்குப் போய்ச் சேரும். இங்கே போக்கிடம் இல்லாமல், மெதுவாக, அதிர்ந்தபடி நின்றுவிடுகிறது. அடுத்து என்ன என்று சொல்லாமல் நிறுத்துவதுதான் இருட்டு. கேமிலும் அதேதான்.

கேள்வி: கேமில் இசையை மிகச் சரியாகப் பயன்படுத்திய ஒரு இடம்?

கதை தெரியாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள். 1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7'. கதாநாயகிகளில் ஒருத்தியான ஏரித் கொல்லப்பட்டதும் நோபுவோ உவேமட்சு அவளுக்காகப் போட்ட மெட்டு ஆரம்பிக்கும். உடனே பாஸ் ஃபைட். வழக்கப்படி சண்டை இசை வந்திருக்க வேண்டும். வராது. அவளுடைய மெட்டே ஓடிக்கொண்டிருக்கும், நாம் மெனுவில் 'அட்டாக்' அழுத்திக்கொண்டிருப்போம். அழக்கூட நேரம் கொடுக்காத அந்தக் கொடுமையை எந்தப் புதிய கிராஃபிக்ஸும் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

கேள்வி: எப்போதும் கோத்திக், டூம் மெட்டல் என்று இருண்ட ராக் இசையையே கேட்கிறேன். மனசைக் கெடுக்கும் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

துக்கத்தில் இருப்பவனிடம் போய்ச் சிரி சிரி என்று சொல்லும் பாட்டைவிட, பக்கத்தில் உட்காரும் பாட்டு எவ்வளவோ மேல். இந்த இசை எனக்குத் துணையாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பாட்டை நிறுத்திய பிறகும் பாரம் நாள் கணக்கில் இறங்கவில்லை என்றால் அது பாட்டின் விஷயமே இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடமும். வீட்டாருக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, ஏன் பிடிக்கிறது என்று சொல்லியும் பாருங்கள்.

கேள்வி: புதிதாக வருபவன் எங்கே தொடங்குவது?

இசையில், பௌஹாஸ் (Bauhaus) குழுவின் 1979 முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு. ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும், அவசரப்படாதீர்கள். பிறகு தி க்யூர் குழுவின் 1989 ஆல்பம் 'டிஸின்டெக்ரேஷன்'. கேமில், 'ரெசிடென்ட் ஈவில் 2' ரீமேக். அதில் பழைய சவுண்ட்டிராக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளும் வசதியைத் தனியாகத் தந்திருக்கிறார்கள். முதல் முறை புதிய இசையோடு முடித்துவிட்டு, இரண்டாவது ஆட்டத்தில் பழையதைப் போட்டு ஆடுங்கள்.