தின்ற சோறும் எறிகிற பந்தும்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குத் தக்கலை பக்கம். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பையன் அங்கேயே பிறந்தவன், ஒன்பதாம் வகுப்பு, லெக் ஸ்பின் போடுவான். நாலைந்து வருஷத்தில் யுஏஇ அணிக்கு முயற்சி பண்ணலாம் என்கிறார் கோச். லீவுக்கு ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன். மச்சான் எடுத்த எடுப்பிலேயே, "நாளைக்கு இந்தியாவுக்கு எதிரா பந்து போட்டாம்னா நாம எந்த மூஞ்சிய வச்சு வெளிய நடக்க? தின்ன சோத்துக்கு நன்றி வேண்டாமா?" என்று கேட்டுவிட்டான். வீட்டில் எல்லாரும் அவன் பக்கம். எனக்கு வாயடைத்துப் போயிற்று. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பிக்கு,

சோற்றுக் கணக்குதான் என்றால், உங்கள் பையன் பிறந்ததிலிருந்து தின்றது ஷார்ஜா சம்பளத்துச் சோறு. மச்சானுக்கு இதை மெல்லச் சொல்லுங்கள். குளச்சலில் இருந்து போய் பஹ்ரைன் படகில் மீன் பிடிக்கிறவரையோ, மார்த்தாண்டத்தில் இருந்து போய் குவைத் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்ஸையோ நம் ஊரில் யாரும் நன்றிகெட்டவர் என்று சொன்னதில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுக்கிறோம். அப்பன் அங்கே உடம்பைக் கொடுத்தால் பிழைப்பு, மகன் பந்து போட்டால் துரோகமா?

2022 அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவில் ஜீலாங் மைதானம், டி20 உலகக்கோப்பை. இலங்கைக்கு எதிராக யுஏஇயின் கார்த்திக் மெய்யப்பன் ஹாட்ரிக் எடுத்தார். உங்கள் பையனைப் போலவே லெக் ஸ்பின்னர், பிறந்தது சென்னை. ராஜபக்ச, அசலங்க, கேப்டன் ஷனக என்று வரிசையாக மூன்று பேர். அசலங்கவின் கேட்சைப் பிடித்த விக்கெட் கீப்பர் விருத்தியா அரவிந்தும் சென்னையில் பிறந்தவர்தான். கேப்டன் ரிஸ்வான் தலச்சேரிக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நமக்கு இதைவிடச் சொந்தமான ஒரு வெளிநாட்டு அணி கிடைக்காது. ஆட்டத்தில் யுஏஇ 73 ரன்னுக்குச் சுருண்டது, அது வேறு விஷயம்.

பிறந்த நாட்டுக்கு எதிராக ஆடுவது பற்றி, இன்னொரு லெக் ஸ்பின்னரான இம்ரான் தாஹிரைப் பார்க்கலாம். சிஎஸ்கே புண்ணியத்தில் நமக்கு அவர் பராசக்தி எக்ஸ்பிரஸ். லாகூரில் பிறந்து, பாகிஸ்தான் அண்டர் 19 அணிக்கு ஆடி, அதற்கு மேல் கதவு திறக்காமல், மணந்த பெண்ணின் நாடான தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர். 2010 ஜனவரியில் டெஸ்ட் அணிக்கு எடுத்துவிட்டார்கள். பிறகுதான் அங்கே வசிக்க வேண்டிய தகுதிக்காலம் முடியவில்லை என்று தெரிந்து பெயரை நீக்கினார்கள். மறு வருஷம் உலகக்கோப்பையில், டெல்லியில் முதல் ஒருநாள் ஆட்டம், 4 விக்கெட். அப்போது 32 வயதை நெருங்கிவிட்டார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது அது. 2012இல் அடிலெய்டு டெஸ்டில் 260 ரன் கொடுத்து ஒரு விக்கெட்டும் இல்லை. டெஸ்ட் வரலாற்றிலேயே அவ்வளவு ரன் கொடுத்து வெறுங்கையோடு போனவர் வேறு யாருமில்லை. வந்தேறி என்று ஒதுக்கியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். முடியவில்லை. 2016இல் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 45 ரன்னுக்கு 7 விக்கெட். 107 ஒருநாள் ஆட்டங்களில் 173 விக்கெட். விக்கெட் விழுந்ததும் கையை விரித்துக்கொண்டு பவுண்டரி பக்கம் ஓடுவாரே, அதைப் பலர் கேலி செய்கிறார்கள். காத்திருந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு அது குறைவாகத்தான் படுகிறது.

உலகக்கோப்பைகளில் தென்னாப்பிரிக்கச் சாதனையாக இருந்த ஆலன் டொனால்டின் 38 விக்கெட்டை அவர் தாண்டியது 2019இல், லார்ட்ஸில். எதிரே ஆடியது பாகிஸ்தான். அன்று ஜெயித்ததும் பாகிஸ்தான்தான். அவரும் விக்கெட் எடுத்தார், பிறந்த நாடும் ஜெயித்தது. மச்சானுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் தாஹிர் கதையை உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. அவரைத் தென்னாப்பிரிக்கா குடிமகனாக ஏற்றுக்கொண்டது. வளைகுடாவில் நிலைமை வேறு. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) விதிப்படி, ஒரு நாட்டுக்கு ஆட ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாஸ்போர்ட் வேண்டும், அல்லது மூன்று வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று போதும். உங்கள் பையனுக்கு அங்கே பிறந்ததே போதும். அதே பிறப்பு யுஏஇ பாஸ்போர்ட்டுக்கு உதவாது. நாட்டின் சட்டையைப் போட்டு ஆடுவான், மறுநாள் விசா புதுப்பிக்க வரிசையில் நிற்பான். உங்கள் மச்சான் பையனின் விசுவாசத்தைக் கேட்கிறார். நான் அந்த நாட்டின் விசுவாசத்தைக் கேட்பேன்.

இந்தியாவுக்கே முயலட்டும் என்று சிலர் சொல்வார்கள். நாகர்கோவிலில் இருந்து அதற்கு வழி சென்னை லீக். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, ரூம் எடுத்துத் தங்கி, ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு ஆட வேண்டும். அங்கேயும் அவன் வெளியூர்ப் பையன்தான்.

ஆகவே ஆடட்டும். நீங்கள் கோச்சிடம் கேட்க வேண்டியது இரண்டு. உங்கள் விசாவில் இருந்து பையன் இறங்கும் வயதில் அவனுக்கு ஸ்பான்சர் யார்? கிரிக்கெட் சங்கம் அவனை மாதச் சம்பளத்தில் எடுக்குமா, இல்லை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று மட்டும் தருமா? இரண்டுக்கும் நேரான பதில் வரும்வரை பிளஸ் டூ புத்தகத்தைப் பரணில் போட்டுவிட வேண்டாம்.