பந்தய ஓட்டுநரின் கழுத்தைக் காப்பது எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

திருமங்கலம் வாசகர்: பெல்ட் அணிந்திருந்தும் கழுத்துக்கு ஆபத்து வருவது ஏன்?

பெல்ட் உடலை நிறுத்துகிறது, தலையை நிறுத்துவதில்லை. ஹெல்மெட்டோடு தலை 6 கிலோ என்று கொண்டால், 50 ஜி (புவியீர்ப்பைப் போல் 50 மடங்கு) மோதலில் கழுத்தின் மீது ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை விழும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்டும் பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் உருவாக்கிய ஹான்ஸ் சாதனம் (தோள்மேல் அமர்ந்து, ஹெல்மெட்டைப் பட்டைகளால் பிடித்து, தலை முன்னே பாயாமல் தடுப்பது) அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தும் அவர் அதை அணிந்திருக்கவில்லை என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

மேலூர் வாசகர்: இதைச் சோதிக்க முழுக் காரையே மோதவிடுவார்களா?

இல்லை. தண்டவாளத்தில் ஓடும் ஸ்லெட் என்னும் மேடையில் பந்தய இருக்கையைப் பொருத்தி, சுமார் 78 கிலோ எடையுள்ள ஹைப்ரிட் 3 என்னும் மனித வடிவச் சோதனைப் பொம்மையை அதில் பெல்ட்டால் கட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவான அதிர்ச்சியைக் கொடுக்கிறார்கள். அதிர்ச்சி மாறாமல் இருந்தால்தான் இரண்டு சாதனங்களை நேர்மையாக ஒப்பிட முடியும். பொம்மையின் கழுத்து, ரப்பர் துண்டுகளும் அலுமினியத் தட்டுகளும் அடுக்கி, நடுவே எஃகுக் கம்பி செலுத்தியது. அதன் மேல்முனையில் உள்ள உணரி இழுவிசையையும் வளைவையும் பதிவு செய்கிறது. அமெரிக்கப் பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் 38.1 தரம் நேர் மோதலோடு 30 டிகிரி சாய்ந்த மோதலையும் கேட்கிறது. என் பார்வையில் இந்த இரண்டாவதே கடுமையான தேர்வு, ஏனெனில் சுவரில் மோதும் கார் பெரும்பாலும் சாய்வாகவே மோதுகிறது.

உசிலம்பட்டி வாசகர்: சென்னை செல்லும்போது என் காரில் இதை அணியலாமா?

வேண்டாம். இரு தோள்களிலும் பெல்ட் அழுத்தினால்தான் ஹான்ஸ் நிலையாக நிற்கும். சாதாரணக் காரின் பெல்ட் ஒரு தோளில் மட்டுமே படுகிறது.

திருப்பரங்குன்றம் வாசகர்: கோ-கார்ட் ஓட்டும் என் மகனுக்கு?

பந்தயக் கார்ட்டில் பெல்ட்டே கிடையாது. ஆகவே இதுவும் பயன்படாது. நல்ல ஹெல்மெட்டும் விலா எலும்புக் காப்பும் வாங்கிக் கொடுங்கள்.

மதுரை வாசகர்: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டவிருக்கிறேன். பழைய ஹான்ஸ் வாங்கலாமா?

விபத்தில் சிக்கியதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8858 அல்லது எஸ்எஃப்ஐ 38.1 முத்திரை இருக்கிறதா, ஹெல்மெட்டோடு இணைக்கும் பட்டைகளின் நூல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மோதலைத் தாங்கிய பட்டை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.