நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஈக்களை வைத்து என்னதான் செய்தார்?

கேள்வி இது: "மூலக்கூறு உயிரியலில் தொடங்கிய கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் பழ ஈக்களை ஆராய்ந்து 1995-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஆய்வகத்தில் நடந்த வேலை என்ன? டிஎன்ஏவைப் படிக்காமலே ஜீன்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?"

பின்கேள்விக்கு முதலில் பதில். ஜீன் ஒன்று கெட்டுப்போனால் கரு எந்த இடத்தில் தப்பாக உருவாகிறது என்று பார்த்தால், அந்த ஜீன் செய்துவந்த வேலை தெரிந்துவிடும். அது எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்பதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஜெர்மனியின் டியூபிங்கனில் உயிர்வேதியியல் படித்தவர். முனைவர் பட்டத்துக்குச் செய்தது, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் டிஎன்ஏவில் ஆர்என்ஏ பாலிமரேஸ் (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ நகலெடுக்கும் நொதி) எங்கே உட்காருகிறது என்ற ஆய்வு. சுத்தமான மூலக்கூறு வேலை. 1975-இல் பாசெல் நகரில் வால்டர் கெரிங்கின் ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் ஈ கைக்கு வந்தது.

அங்கே அவர் எடுத்துக்கொண்டது 'பைகாடல்' என்ற சடுதிமாற்றம், அதாவது டிஎன்ஏவில் நேர்ந்த ஒரு மாற்றம். இது தாய் ஈயிடம் இருந்தால், அதன் முட்டைகள் சிலவற்றில் தலையே இல்லாமல், இரண்டு பக்கமும் வால்பகுதியோடு கரு வளரும். எது தலை, எது வால் என்ற தகவலைத் தாய் முட்டைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறாள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. ஆனால் எல்லா முட்டையிலும் இந்தக் கோளாறு தெரியாது. அதனால் இதோடு வேலை செய்வது பெரும்பாடு. ஒரு விசித்திர ஈயைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்காருவதா, இப்படிப்பட்ட ஜீன்கள் மொத்தம் எத்தனை என்று ஒரே மூச்சில் தேடுவதா? 1978-இல் ஹைடெல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சக ஆய்வாளர் எரிக் வீஷாஸோடு சேர்ந்து இரண்டாவது வழியை எடுத்தார். அவருடைய வாழ்க்கையில் ஆகப் பெரிய முடிவு இதுதான் என்பது என் கருத்து.

இனி வேலை. ஆண் ஈக்களைச் சில மணி நேரம் பட்டினி போட்டு, சர்க்கரைத் தண்ணீரில் 25 மில்லிமோலார் ஈஎம்எஸ் கலந்து இரவு முழுக்கக் குடிக்க விடுவார்கள். ஈஎம்எஸ் டிஎன்ஏவின் எழுத்துகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றும் ரசாயனம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறை, புகைபோக்கி அறை இல்லாமல் தொடக்கூடாது. மிச்சத்தைக் காரக் கரைசலில் செயலிழக்கச் செய்துதான் கொட்ட வேண்டும். அளவு கூடினால் ஆண்கள் மலடாகும், ஒரே குரோமோசோமில் இரண்டு மூன்று கொலைகார மாற்றங்கள் ஏறிவிடும். அப்போது கருவில் தெரியும் கோளாறு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. அளவு குறைந்தால் வெற்றுக் குப்பிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று: இந்த ஆண்களைச் சில நாள் மட்டும் இணையவிட்டுத் தூக்கிப்போட வேண்டும். வைத்துக்கொண்டே இருந்தால், விந்துத் தாய்செல் ஒன்றில் நேர்ந்த மாற்றம் பல விந்துகளில் வரும். ஒரே சடுதிமாற்றத்தையே பத்துத் தடவை கண்டுபிடித்து ஏமாறுவோம்.

அடுத்தது கலப்பு. மாற்றம் ஏறிய குரோமோசோம் ஒன்றைச் சுமக்கும் மகன் ஈயைத் தனிக் குப்பியில் போட்டு அதிலிருந்து ஒரு வழியை (அந்தக் குரோமோசோமையே தலைமுறைதோறும் சுமக்கும் ஈக் குடும்பத்தை) உண்டாக்க வேண்டும். குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு கலைந்துவிடாமல் இருக்க எதிரே 'பேலன்சர்' குரோமோசோம் இருக்கும். அதற்குள் பல துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருப்பதால் மறுசேர்க்கை பலிக்காது. கூடவே சுருண்ட சிறகு போன்ற அடையாளமும் இருக்கும். இதில் அலுப்பான வேலை, ஒவ்வொரு குப்பியிலும் வேண்டாத உடன்பிறப்புகளைப் பொறுக்கி எடுப்பது. இரண்டாவது குரோமோசோமுக்கு அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: 29 டிகிரியில் ஈயைக் கொல்லும் சடுதிமாற்றம் ஒன்றை எதிர்க் குரோமோசோமில் வைத்துவிட்டார்கள். குப்பியைச் சூடான அறைக்கு மாற்றினால் வேண்டாதவை தாமாகச் செத்துவிடும், மிஞ்சியவை அத்தனையும் வேண்டியவை. இரண்டு பேரும் சில உதவியாளர்களும் ஏறத்தாழ 27,000 வழிகளை வளர்க்க முடிந்தது இப்படிப்பட்ட சிக்கனத்தால்தான். பெரிய தேடலின் வெற்றி நுண்ணோக்கிக்கு வருவதற்கு முன்பே, கலப்பைத் திட்டமிடும் தாளில் பாதி முடிவாகிவிடும்.

குப்பியில் சுருண்ட சிறகு இல்லாத ஈக்கள் (மாற்றம் ஏறிய குரோமோசோம் இரண்டு பிரதி உள்ளவை) வந்தால் அந்த வழியில் கொலைகார மாற்றம் இல்லை, கழித்துவிடலாம். மற்றவற்றின் முட்டைகளைச் சேகரித்து, 25 டிகிரியில் ஒரு நாளுக்கு மேல் விட வேண்டும். நல்ல புழுக்கள் பொரித்து ஊர்ந்துவிடும், பொரிக்காதவை நிற்கும். அவற்றில் வெள்ளையாக இருப்பவை கருவுறாதவை. பழுப்பேறியவை வளரத் தொடங்கி இறந்தவை. பேலன்சர் இரண்டு பிரதி சேர்ந்தவையும் பிழைக்காது. ஆகவே சாவை எண்ணினால் மட்டும் போதாது, உருவத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

பார்ப்பது புழுவின் தோலை. பாதி நீர்த்த பிளீச்சில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் முட்டையின் வெளி ஓடு கரையும். நன்றாகக் கழுவி, ஹெப்டேனும் மெத்தனாலும் சம அளவு சேர்த்துக் குலுக்கினால் உள்சவ்வு வெடிக்கும், கரு அடியில் தங்கும். வெளி ஓடு சரியாகக் கரையாவிட்டால் உள்சவ்வு வெடிக்காது. கரு இரண்டு திரவங்களுக்கும் நடுவே மிதந்துகொண்டே இருக்கும். பிறகு ஹாயர் கரைசலும் (மாதிரியைத் தெளிவாக்கும் திரவம்) லாக்டிக் அமிலமும் கலந்த சொட்டில் வைத்து, 60 டிகிரிக்குச் சற்று மேல் ஓர் இரவு. சதை கரைந்து தோல் மட்டும் கண்ணாடிபோல் நிற்கும். பின்னணி கறுப்பாக இருக்கும் இருட்புல ஒளியில் வயிற்றுப் பக்கத்தில் முள்வரிசைகள் பளிச்சென்று தெரியும்: மார்பில் மூன்று கண்டம் (உடலின் வளையம் போன்ற பகுதி), வயிற்றில் எட்டு. ஒவ்வொரு வயிற்றுக் கண்டத்தின் முன்பாதியில் முள்பட்டை, பின்பாதி வழவழப்பு. எண்ணுவதற்கு இதைவிடத் தெளிவான உடல் எந்த விலங்கிலும் அமையாது.

ஒரே மாதிரியை இருவரும் சேர்ந்து பார்க்கும் இரட்டை நுண்ணோக்கியில் உட்கார்ந்து வகைப்படுத்தினார்கள். 'நிர்ப்ஸ்' என்ற ஜீன் கெட்டால் வயிற்றின் பெரும்பகுதி ஒட்டுமொத்தமாகக் காணாமல் போகும். 'ஈவன்-ஸ்கிப்ட்', 'பேர்ட்' போன்றவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று அழியும். 'ஹெட்ஜ்ஹாக்' கெட்டால் கண்டம்தோறும் வழவழப்பான பாதி போய், வயிறு முழுக்க முள்ளாகிவிடும். ஹெட்ஜ்ஹாக் என்றால் முள்ளெலி; ஜீனுக்கு அந்தப் பெயர் அதனால் வந்தது. பெரிய பகுதி, இரண்டு கண்டம், ஒரு கண்டத்தின் பாதி என்று கரு தன்னைப் படிப்படியாகப் பங்கிட்டுக்கொள்கிறது என்பது இந்த மூன்று வகைக் கோளாறிலிருந்தே புரிந்துவிட்டது. 15 ஜீன்களோடு 1980 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. முழுத் தேடலில் கிடைத்தவை ஏறத்தாழ 120 ஜீன்கள்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஒரேபோல் கெட்ட இரு வழிகளைக் கலக்கும்போது குட்டியிலும் அதே கோளாறு வந்தால், இரண்டும் ஒரே ஜீன். இப்படித் தொகுத்தபோது ஒவ்வொரு ஜீனும் சராசரியாக நான்கைந்து முறை சிக்கியிருந்தது. சராசரி ஒன்றுதான் என்றால் 37 சதவீதம் தப்பியிருக்கும். நான்கு என்றால் தப்புவது ஏறத்தாழ 2 சதவீதம். சின்ன ஜீன்கள் அடிபடுவது அரிது என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் மோசமாக இருக்கும். ஒரே வேலையை இரண்டு ஜீன்கள் பங்கிட்டுச் செய்தால் அதுவும் இந்த வலையில் விழாது.

தாய் முட்டையில் வைத்து அனுப்பும் பொருட்களும் விழாது. ஏனென்றால் மகள் ஈயின் உடல் நன்றாகவே இருக்கும், அவள் இடும் முட்டைகள்தான் கெடும். அதற்கு இன்னொரு தலைமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். டியூபிங்கன் திரும்பிய பிறகு நடந்த அந்தத் தேடலில்தான் 'பைகாய்ட்' என்ற ஜீன் கிடைத்தது. அதன் தூது ஆர்என்ஏ (புரதம் உண்டாக்கப் பயன்படும் ஜீனின் நகல்) முட்டையின் முன்முனையில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது; அதிலிருந்து வரும் புரதம் பின்னோக்கிப் போகப்போகக் குறைகிறது; அந்த அளவைப் படித்துத்தான் செல்கள் தலையா மார்பா என்று முடிவு செய்கின்றன. 1988-இல் வொல்ஃப்காங் டிரீவரோடு சேர்ந்து இதை நேரடியாகக் காட்டினார். அவர் கற்ற மூலக்கூறு உயிரியல் முழுப் பலன் தந்தது இந்தக் கட்டத்தில்தான், ஜீன்கள் கையில் வந்த பிறகு.

அடுத்து வரிக்குதிரை மீனுக்குப் போனார். கரு கண்ணாடிபோல் இருப்பதால் இதயம் துடிப்பதையே வெளியிலிருந்து பார்க்கலாம். ஆனால் ஒரு தலைமுறைக்குப் பத்து நாள் போதும் என்றிருந்த ஈயை விட்டு, மூன்று மாதம் பிடிக்கும் மீனுக்கு வரும்போது ஆயிரக்கணக்கான தொட்டிகள் வேண்டும், மூன்று தலைமுறை வளர்க்க வேண்டும். 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ட்' இதழ் முழுவதையும் இந்த மீன் சடுதிமாற்றங்களே நிரப்பின. இதற்கிடையில் ஈயின் ஹெட்ஜ்ஹாக்குக்கு முதுகெலும்பிகளிலும் உறவு ஜீன்கள் இருப்பது 1993-இல் தெரிந்தது. அதே பாதையில், அதாவது ஹெட்ஜ்ஹாக்கின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜீன் வரிசையில், உள்ள 'பேட்ச்ட்' மனிதரில் கெட்டால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வருகிறது. அந்தப் பாதையை அடைக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது.