விடியற்காலையில் வாய் பிளக்கும் மீன்கள்

கேள்வி: திருவட்டார் பக்கம் 15 சென்ட் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 1,500 குஞ்சுகள் விட்டு ஆறு மாதம் ஆகிறது. நான்கு நாளாக மழை மூட்டம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. நேற்று ஏழு செத்து மிதந்தன. என்ன மருந்து போடலாம்?

பதில்: மருந்து வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோய் மாதிரித் தெரியவில்லை, மூச்சு முட்டுகிறது. நாளைக் காலை கரையில் நின்று கை தட்டிப் பாருங்கள். இரை தேடி வந்த மீன் என்றால் சட்டென்று அடியில் போய்விடும். மூச்சுக்குத் தவிக்கிற மீன் முங்கிய வேகத்தில் திரும்ப மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்ஸிஜன் தரும். ராத்திரியில் அதே பாசியும் மீனும், அடியில் அழுகும் தீவனமும், உரமாகப் போட்ட சாணமும் அதைத் தின்றுவிடும். மூட்டம் போட்டால் பகல் வரவு குறைகிறது, ராத்திரிச் செலவு குறைவதில்லை. அதனால்தான் விடியும் முன் இந்தத் தவிப்பு. கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை மீனுக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருந்தால் நல்லது. மூன்றுக்குக் கீழே போனால் கஷ்டம்தான்.

இன்றைக்கே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். நள்ளிரவு முதல் வெயில் ஏறும்வரை மோட்டாரால் குளத்துத் தண்ணீரையே எடுத்து உயரத்திலிருந்து மழைபோல் சிதறி விழ விடுங்கள். அப்புறம், ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்திலிருந்து ஆசிட் கலந்த கழுவு நீர் குளத்தில் இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால் உடனே திருப்பி விடுங்கள்.

ஆனால் மூல காரணம் நெரிசல். ஹெக்டேருக்கு 10,000 என்று வைத்தாலும் உங்கள் குளத்துக்கு 600 குஞ்சு போதும். இரண்டு பருவமழையும் பெய்து அடிக்கடி மூட்டம் போடும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லாதவர்களுக்கு 400 போதும் என்பேன்.

பெரிய மீன்களைப் பிடித்துக் குறையுங்கள். தவித்துக்கொண்டிருக்கும் விடியலில் வலை இழுக்காதீர்கள். வெயில் ஏறி அவை தெளிந்த பிறகு இழுங்கள். திரும்ப விடும் மீனை ஈரக் கையால் தொடுங்கள், செதில் உரியக்கூடாது. விற்கும் மீனைக் கூடையில் போட்டுத் துள்ளித் துள்ளிச் சாக விடாதீர்கள். அதற்கும் வலி உண்டு. தலையில், கண்ணுக்குச் சற்று மேலே கட்டையால் ஓங்கி ஒரே அடி, உடனே ஐஸ். சதையும் கெடாமல் இருக்கும்.