நீலத் திட்டு அடித்த தழும்பா?

கேள்வி: ஐயா, என் மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. ஐந்தாம் நாள் விடியற்காலையில் பார்த்தால் அசைவில்லை. இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருந்ததால், அடித்துவிட்டாள் என்று சம்பந்தி வீட்டார் போலீஸுக்குப் போனார்கள். பிரேதப் பரிசோதனை நடந்து ஒரு மாதமாகியும் முடிவு வரவில்லை. ஆறாம் மாதத்தில் கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் உதடு பிளந்தது என்றும் பேசுகிறார்கள். மகள் சாப்பிடுவதே இல்லை.
- ஒரு பாட்டி, காசிமேடு

பதில்: அம்மா, முதலில் அந்தக் கிரகணத்தை முடித்துவிடுகிறேன். கருவில் மேலுதடு கூடுவது ஏழாவது வாரத்துக்குள். அண்ணம் பன்னிரண்டாவது வார வாக்கில். ஆறாம் மாதத்தில் உங்கள் மகள் கத்திரிக்காயை அல்ல, வஞ்சிரத்தையே நறுக்கியிருந்தாலும் அந்த உதட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நீலத் திட்டு நம் ஊர்க் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே உண்டு. தோலின் ஆழத்தில் தங்கிவிட்ட நிறமி அது. சவக்கிடங்கு மேசையில், ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதலான உடலைக் குப்புறக் கிடத்தி, அந்தத் திட்டின் மேல் கத்தியால் ஒரு கீறல் போட்டுப் பார்ப்போம். அடியென்றால் தோலுக்குக் கீழே இரத்தம் கசிந்து உறைந்திருக்கும். பிறவித் திட்டென்றால் கீழே சுத்தமாக இருக்கும். இதைப் பார்க்காமல் எந்த மருத்துவரும் 'காயம்' என்று எழுதக் கூடாது.

'பால் புரையேறிச் செத்தது' என்றும் சொல்வார்கள். மூச்சுக்குழலில் பால் இருப்பது மட்டும் அதற்குச் சாட்சியாகாது. கடைசி மூச்சிலும், உடலைத் தூக்கிப் புரட்டும்போதும் வயிற்றுப் பால் மேலேறி அங்கே போய்விடும்.

நான் முதலில் கேட்பது இதயத்தைத்தான். உதடு, அண்ணம் பிளந்த சில குழந்தைகளுக்கு இதயத்திலும் பிறவிக் கோளாறு இருக்கும். கருவில் திறந்திருக்கும் ஓர் இரத்தக்குழாய், பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். சில இதயங்கள் அந்தக் குழாயை நம்பியே ஓடுகின்றன. பாலாடையில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை, அது மூடியதும் மளமளவென்று சரிந்துவிடும். உங்கள் பேரனுக்கு இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, அறிக்கை சொல்லட்டும். தாமதத்துக்குக் காரணமும் உண்டு. நுரையீரல், இதயத் துணுக்குகளை ஃபார்மலினில் ஊறவைத்து, மெல்லிய சீவலாக்கி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். இதயம் பரிசோதிக்கப்பட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அறிக்கையைவிட அவசரம், மகள் சாப்பிடாமல் இருப்பது. பிள்ளை பெற்று, இழந்து, பழியும் சுமக்கிறவள் அவள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சம்பந்தி வீட்டார் யாரும் கூட வர வேண்டாம்.