பதிவான உயிலை எதிர்க்கலாமா?

கேள்வி: அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது, தான் சம்பாதித்த வீட்டை அண்ணனுக்கே எழுதியதாகப் பதிவு செய்த உயிலைக் காட்டுகிறார்கள். அம்மாவின் பெயர்கூட அதில் இல்லை. வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் போடலாம் அம்மா. பதிவானதாலேயே உயில் நிரூபணமாகிவிடாது. 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிரோடிருந்தால் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். அப்பாவின் மனநிலை, அம்மாவை விட்ட காரணம், அண்ணன் முன்னின்று எழுதவைத்தது போன்ற சந்தேகங்களை அண்ணன்தான் நீக்க வேண்டும். 1959இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் மிரட்டி வாங்கினார் என்றால், அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சியில்லாமல் அந்த வார்த்தையை மனுவில் எழுதாதீர்கள். அந்த நாட்களின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளை முதலில் வாங்குங்கள். அப்புறம் பாகப்பிரிவினை வழக்கோடு, வீட்டை விற்கத் தடையுத்தரவும் கேளுங்கள்.